மேல்வீட்டு எக்காளத்தின் முன்பற்கள்

இதை எழுதுகிறவன் பல்செட்காரரை முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஒரு கையில் யாருடைய கீழ்த்தாடையையோ பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறந்தார். வந்தவன் இரண்டு படி பின்வாங்கினான்.

"பயப்படாதீங்க தம்பி. இவர் ரிட்டயர்டு நீதிபதி. உள்ள வாங்க," என்று தாடையை அறிமுகப்படுத்தினார்.

வந்தவன் குடியிருப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தன் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய மிதப்பு இன்னும் இறங்காமல், சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். கையில் மேல்வீட்டுக்காரர் கொடுத்த புகார். 'கீழ்வீட்டில் பொய்ப்பல் அரைக்கும் இயந்திரத்தின் கூச்சல் என் கலைக்கு இடையூறாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. கூச்சல் எவ்வளவு என்று நேரில் கேட்டுக் குறிக்க வேண்டும்.

பல்செட்காரர் இயந்திரத்தை ஓடவிட்டார். அதே நொடியில் மேலே டிரம்பெட் ஆரம்பித்தது. இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்பதை அதன் மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. இருந்தும் என்ன? உத்தரவில் மேலதிகாரி முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை பத்து மணிக்கு முன் இயந்திரம் ஓடக் கூடாது.

பல்செட்காரர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். நீதிபதியை மேசையில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கிணற்றுக்குள் விழுந்தவனைக் கூப்பிடுகிற குரலில், கூரையைப் பார்த்து, "மன்னிச்சுட்டேன்!" என்றார்.

மேலே தரையில் ஓங்கி ஒரு மிதி விழுந்தது.

"இன்னிக்கு இது நாலாவது," என்றார் அவர் மனைவி, உள்ளிருந்து.

பல்செட்காரர் பல் மருத்துவர் இல்லை. யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் சொல்வது அதைத்தான். வாயைப் பார்ப்பது மருத்துவர். அவர் அச்சு எடுத்து ஒரு சீட்டோடு அனுப்பிவிடுவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பது, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவது, பிறகு ஈறு நிறத்தில் செட்டாக்கி, அரைத்து, பளபளவென்று தேய்த்து அனுப்புவது இவர். இருபத்திரண்டு வருட வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கத் தாடைகள். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் பல்செட்காரர் சிரிப்பின் காரணத்தை விசாரிக்க மாட்டார். கடைவாய் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

மேல்வீட்டில் இருந்தவர் நகரசபை வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. காலை ஐந்தரைக்குப் பயிற்சி ஆரம்பித்தால் ஏழு வரை நிற்காது. பல்செட்காரர் அவருக்கு வைத்திருந்த பெயர் எக்காளம்.

"நியாயத்தீர்ப்பு நாள்ல கடைசி எக்காளம் ஊதும்போது நான் எந்திரிக்கவே மாட்டேன்," என்று சபையில் ஒருமுறை சாட்சி சொல்ல எழுந்தவர் சொல்லிவிட்டார். "மேல்வீட்டு ஆளுன்னு நெனச்சு திரும்பிப் படுத்துருவேன். பரலோகமே கைவிட்டுப் போயிரும்."

சபை சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, அந்த ஆளு வெறும் ஊதுறது மட்டுமில்ல," என்று பல்செட்காரர் அவிழ்த்துக் கொட்டினார்.

உண்மைதான். டிரம்பெட்டுக்குள் எச்சில் சேரும். அதை அவ்வப்போது திறந்து வடிக்க வேண்டும். எக்காளம் அதைப் பால்கனியிலிருந்து வடிப்பார். நேர் கீழே பல்செட்காரர் வெயிலில் தாடைகளைக் காயவைக்கும் தட்டு. தட்டில் விழாத நாட்களில் அவருடைய வழுக்கையில் விழும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "வழி விடு, டாக்டருக்குப் படிக்க வக்கில்லாத டாக்டரு வர்றாரு," என்று இல்லாத கூட்டத்தை விலக்குவார். பல்செட்காரருக்கு அது எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு அச்சு ஊற்ற வந்தவர் அவர். அப்புறம் ஆப்பிள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பால்கனியிலிருந்து பாதி கடித்த ஆப்பிள் ஒன்று பறந்து வந்து, ஒரு நடனக் கலைஞருக்காக மூன்று நாள் உட்கார்ந்து நட்ட மெழுகுப் பற்களின் நடுவில் விழுந்தது. பதினான்கு பல்லில் ஒன்பது சிதறிவிட்டது.

போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் அந்த மனிதருக்காக ஜெபம் பண்ண வேண்டும். மன்னித்தேன் என்று ஆண்டவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கொடுத்த வேலையைப் பல்செட்காரர் ஒருநாளும் அரைகுறையாகச் செய்ததில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, மேலே டிரம்பெட் உச்சத்தில் இருக்கும்போது, சமையலறையில் முழங்காலிட்டார். டிரம்பெட்டை மீறி ஆண்டவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினார். சமையலறைக் கூரையில் தண்ணீர்க் குழாய் மேலேறுகிற துளை ஒன்று இருந்தது. ஆண்டவருக்குக் கேட்டதோ இல்லையோ, மேல்வீட்டுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஆண்டவரே, மேல்வீட்டுக்காரர் திங்கக்கிழமை எம் மண்டையில எச்சிய வடிச்சத மன்னிக்கிறேன். செவ்வாக்கிழமை வடிச்சதையும் மன்னிக்கிறேன்."

டிரம்பெட் நின்றது. துளை வழியே குரல் வந்தது. "செவ்வாக்கிழமை நான் ஊர்லயே இல்ல!"

"ஆண்டவரே, அது புதன்கிழமை. பொய் சொல்லலன்னாலும் அவரு சொல்ற தொனி இருக்கு பாருங்க, அதையும் மன்னிக்கிறேன்."

"யோவ் பல்லு! ஒன்ன யாருய்யா மன்னிக்கச் சொன்னது?"

"அவரோட வாயையும் மன்னிக்கிறேன் ஆண்டவரே. மூணு வருஷத்துக்கு முன்னால அந்த வாய் கடிச்ச ஆப்பிளையும்…"

மிதி விழுந்தது. பாத்திரங்கள் குலுங்கின. பல்செட்காரர் ஆமென் சொல்லி, கிரீடம் வாங்கியவரைப் போல எழுந்தார்.

"என்னங்க," என்றார் மனைவி, "நீங்க மன்னிக்கிறீங்களா, குற்றப்பத்திரிகை வாசிக்கிறீங்களா?"

"விவரம் சொல்லாம எப்படி மன்னிக்கிறது? ஆண்டவருக்குக் குழப்பம் வரக்கூடாதுல்ல?"

"அவருக்கு ஒரு குழப்பமும் இல்ல. எனக்குத்தான் ஒரு பக்கம் எக்காளம், இன்னொரு பக்கம் நீங்க. ரெண்டு பேர்ல யாரு சத்தம் கொறைவுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

இந்த வேடிக்கையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் நடுவில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எக்காளத்தின் மனைவியை இவர் மனைவி அக்கா என்பார். இருவரும் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். மேலும் போகாமல் கீழும் இறங்காமல், சரியாக ஏழாவது படியில்.

அலுவலகத்து உத்தரவு வந்து நான்கு மாதம் கழித்து அது நடந்தது. வாத்தியக் குழு பூங்காவில் நடந்துகொண்டே வாசிக்கும் பயிற்சியில் இருந்தது. எக்காளத்துக்கு முன்னால் பெரிய முரசு தூக்கியவர். அவருடைய செருப்பு வார் அறுந்தது. அவர் நின்றார். எக்காளம் நிற்கவில்லை. டிரம்பெட்டின் வாய் முரசுக்காரரின் முதுகில் இடிக்க, அதன் மறுமுனை எக்காளத்தின் வாயில் இடித்தது. நான்கு முன்பற்கள் புல்வெளியில் விழுந்தன. மற்றவையும் ஆடிக்கொண்டுதான் இருந்தனவாம். மருத்துவர் மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பல்செட்காரருக்கு விழிப்பு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ வாளியை இறக்கி வைப்பதுகூடக் கேட்டது. மனைவி ஏழரை வரை தூங்கினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி தூங்கும்போது வாயைத் திறந்துகொள்வார் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பால்கனியிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தாடைகள் எலும்பாகக் காய்ந்தன. ஜெபத்தில் மன்னிக்க எதுவும் கிடைக்காமல் இரண்டே நிமிடத்தில் எழுந்தார்.

"ஆண்டவர் பெரியவர்," என்றார்.

"அடுத்தவன் பல்லு விழுந்ததுக்கா ஸ்தோத்திரம்?" என்றார் மனைவி. "வெக்கமா இல்ல?"

ஆறு வாரம் கழித்து மருத்துவரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே மேல்தாடை அச்சு. சீட்டில் எக்காளத்தின் பெயர்.

பல்செட்காரர் அன்று முழுக்கப் பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தார். மற்ற யாருக்கும் செய்வதைப் போலவே செய்தார். குறை வைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பட்டியலில் இருக்கிற அளவில், நேராக, வெள்ளையாக, வரிசையாகப் பதினான்கு பல். மாப்பிள்ளை வாய் மாதிரி இருந்தது. மருத்துவர் போட்டுவிட்டார். எக்காளம் வீட்டுக்கு வந்து, பால்கனியில் நின்று, ஆறு வார ஆசையையும் சேர்த்து மூச்சிழுத்து ஊதினார்.

புஸ் என்று காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை இன்னும் பலமாக ஊதினார். டிரம்பெட் ஒரு பக்கம் நழுவ, செட் மறுபக்கம் பறந்து, இரண்டு தரம் சுழன்று, கீழே பல்செட்காரர் அப்போதுதான் கலக்கி வைத்திருந்த பிளாஸ்டரில் சொத்தென்று விழுந்தது. செய்த கைக்கே திரும்பி வந்துவிட்டது.

அன்று ஏழாவது படியில் உட்காராமல் எக்காளத்தின் மனைவி கீழே இறங்கி வந்தார். அவர் பட்டறைக்குள் வருவது அதுதான் முதல்முறை. பலகைத் தாடைகளைப் பார்த்து ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, அவரு வர மாட்டாரு. நான் வந்ததும் அவருக்குத் தெரியாது. இன்னும் மூணு வாரத்துல பூங்காவுல பெரிய கச்சேரி. அதுல முதல் சுரம் டிரம்பெட்டு தனியா ஊதணும். ஊத முடியலன்னா குழுத்தலைவரு அவர தாளத்தட்டுக்கு மாத்திருவாராம். இருபத்தாறு வருஷம் முன்வரிசையில ஒக்காந்த ஆளு, பின்னால நின்னுக்கிட்டு பாட்டுக்கு நாலு தரம் ஜிங்கு ஜிங்குன்னு தட்டணும். கண்ணாடி முன்னால நின்னு நின்னு ஊதிப் பாக்குறாரு. நேத்து அழுதாரு தம்பி. பல்லில்லாம அழுதா எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

பல்செட்காரருக்குத் தெரியும். தொழிலில் பார்த்திருக்கிறார்.

"செட்டு சரியாத்தான் இருக்குக்கா," என்றார். "ஊதுற வாய்க்கு அவரோட பழைய பல்லு எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்கணும். எது முன்னால, எது பின்னால, எங்க இடைவெளின்னு தெரியணும். உதடு இருபத்தாறு வருஷம் அதுலதான் சாஞ்சு பழகியிருக்கு. பழைய பல்லுக்கு அச்சு இல்லாம நான் என்ன பண்றது?"

சொல்லும்போதே அவர் பார்வை மேசையின் கடைசி டிராயருக்குப் போய்விட்டு வந்தது. மேல்வீட்டு அக்கா கவனிக்கவில்லை. மனைவி கவனித்தார்.

அக்கா போனதும் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். "சொல்லுங்க."

"என்னத்த?"

"டிராயர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தூசு தட்டுறது யாரு?"

டிராயரில் இருந்தது ஆப்பிள். ஆப்பிள் என்றால் ஆப்பிள் இல்லை, அதன் கடி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்பது பல் சிதறிய அன்று பல்செட்காரர் ஆப்பிளைத் தூக்கி எறியவில்லை. கடித்தவன் யார் என்று நிரூபித்தே தீர வேண்டும் என்று, அந்தக் கடித்த குழியில் பிளாஸ்டர் ஊற்றி, காயவைத்து, பழத்தை உரித்தெடுத்தார். எக்காளத்தின் ஆறு முன்பற்கள் அப்படியே வந்தன. நடுப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றின் முனையில் சின்ன உடைசல். இதை எடுத்துக்கொண்டு குடியிருப்பு அலுவலகத்துக்கே போயிருக்கிறார். அப்போதிருந்த குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆப்பிளை ஆவணமா ஏத்துக்க விதி இல்லை," என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து டிராயரில் இருந்தது, பஞ்சில் சுற்றி, தேதி எழுதி.

"தினமும் அந்த ஆப்பிள மன்னிக்கிறீங்க," என்றார் மனைவி. "எத்தன தரம் மன்னிச்சாலும் மறுநாள் அது டிராயர்லதான் இருக்கு. அப்ப நீங்க மன்னிச்சது எது?"

பல்செட்காரருக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளே ஆறு வார அமைதி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. டிராயரைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மருத்துவர் சீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. மேலே இருப்பவர் தாளத்தட்டுக்குப் போனால், வீட்டில் வைத்துப் பயிற்சி பண்ண அதில் பெரிதாக என்ன இருக்கிறது? ஐந்தரை மணி என்பது இனித் தூங்குகிற நேரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையில் முழங்காலிட்டார். மேலே சத்தமில்லை. "ஆண்டவரே, அந்த ஆப்பிளை மன்…" என்று ஆரம்பித்தவருக்கு நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் அவர் காதுக்குக் கேட்டது. இத்தனை நாளாக மேலே ஒருவர் ஊதியிருக்கிறார், கீழே இவர் ஊதியிருக்கிறார். அவராவது சுருதியில் ஊதினார்.

பல்செட்காரர் ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து, டிராயரைத் திறந்து, பஞ்சோடு எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

கதவைத் திறந்த எக்காளம் உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதையெல்லாம் பல் இல்லாமல் பேசியபடியே எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டம். அதனால் பல்லை வைத்தே எழுதியிருக்கிறது.

"என்னய்யா, சந்தோஷமா இருக்கா? பாத்துட்டுப் போக வந்தியா?"

"சார், இது ஒங்க பல்லு," என்று பஞ்சைப் பிரித்தார் பல்செட்காரர்.

எக்காளம் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். குனிந்து பார்த்தார். செத்துப்போன சொந்தக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். மேலே காலைப் போட்டுக்கொண்டிருந்த அந்த நடுப்பல்லைச் சுண்டுவிரலால் தொட்டார்.

"இது எப்படிய்யா ஒங்கிட்ட?"

"நீங்க எறிஞ்ச ஆப்பிள்ல இருந்து எடுத்தேன்."

"எந்த ஆப்பிளு? ஓ, அதுவா? அது ஒம்மேல எறிஞ்சேன். குறி தப்பிருச்சு."

ஒரு நிமிடம் பல்செட்காரருக்கு இது வேண்டுமா என்றிருந்தது. பஞ்சைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடலாமா என்று கால் ஒரு படி திரும்பியும்விட்டது. பிறகு சொன்னார். "மன்னிச்சாச்சு."

"நான் கேக்கலையே!"

"கேக்காமத்தான் மன்னிச்சாச்சு."

"அப்படின்னா இத ஏன்யா மூணு வருஷமா பத்திரமா வெச்சிருந்த?"

பல்செட்காரர் தரையைப் பார்த்தார். "அதான் சார் எனக்கும் தெரியல. மன்னிக்காமத்தான் இருந்திருக்கேன் போல. சத்தமா சொன்னா மன்னிச்ச மாதிரி ஆயிரும்னு நெனச்சுட்டேன்."

எக்காளம் ஏதோ திட்ட வாயெடுத்தார். திட்டு வரவில்லை. அது பல் இல்லாததாலா வேறு எதனாலா என்று பல்செட்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

"இத வெச்சு ஒங்க பழைய வாய அப்படியே திரும்பக் கொண்டுவரலாம்," என்றார். "ஆனா நீங்க ஊதி ஊதிக் காட்டணும். நான் பக்கத்துல நின்னு பாக்கணும். தினமும்."

"நீயா? என்ன ஊதச் சொல்றியா?"

"ஆமா சார்."

"கீழ போயி ஒரு தடவ தண்ணி குடிச்சுட்டு வந்து சொல்லுய்யா," என்றார் எக்காளம்.

வேலை ஆரம்பித்த அன்றே ஒரு இக்கட்டு. டிராயரில் இருந்த வார்ப்பைப் புது மேல்தாடை வார்ப்போடு பொருத்தினால்தான் பல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். பொருத்த வேண்டுமானால் பழையதைப் பின்பக்கம் அறுத்து எடுக்க வேண்டும். அறுத்தால் அது பிறகு சாட்சிக்கு ஆகாது. தேதி எழுதிய பக்கம்தான் முதலில் போகும். பல்செட்காரர் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தால்தான். பிறகு ரம்பம் ஓடியது. தேதி தூளாக மேசையில் விழுந்தது. பல்செட்காரர் அதை வாயால் ஊதித் தள்ளினார்.

ஒவ்வொரு பல்லாக நட்டார். நடுப்பல்லைக் காலைப் போட்டு உட்காரவைத்தார். முனை உடைசலையும் அரத்தால் தேய்த்துக் கொண்டுவந்தார். மருத்துவர் தொலைபேசியில், "என்ன இது, கோணலா நட்டிருக்கீங்க?" என்றார். "கோணல்தான் டாக்டர் இவருக்கு நேரு," என்றார் பல்செட்காரர்.

இருந்த ஒரே தொல்லை நேரம்தான். காலையில் எக்காளம் ஊதுவார், எங்கே இடிக்கிறது என்று பார்த்து உடனே கீழே கொண்டுவந்து கொஞ்சம் அரைக்க வேண்டும், திரும்ப மேலே ஓட வேண்டும். பத்து மணி வரை இயந்திரம் ஓடக் கூடாது. ஊத முடியாவிட்டாலும் பத்துக்கு எக்காளம் குழுப் பயிற்சிக்குப் போய்விடுவார். இரண்டு நாள் இப்படியே வீணாகப் போனது.

மூன்றாம் நாள் குடியிருப்பு அலுவலகத்தில், கழுத்துப் பொத்தான் வரை போட்ட அந்தக் குமாஸ்தாவின் முன்னால் வாயைக் கைக்குட்டையால் மூடிய ஒருவர் வந்து நின்றார். பேசவில்லை. ஒரு தாளை நீட்டினார். 'கீழ்வீட்டு இயந்திரம் பத்து மணிக்கு முன் ஓட எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு வாரத்துக்கு மட்டும்.' 'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு. குமாஸ்தா மேலதிகாரியைக் கேட்காமலே முத்திரை குத்தினான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது.

அந்த வாரம் அந்தக் கட்டடத்தில் யாரும் தூங்கவில்லை. மேலே டிரம்பெட், கீழே அரவை, நடுவில் படிக்கட்டில் பல்செட்காரர் ஒரு கையில் செட்டோடு ஏறியும் இறங்கியும். ஏழாவது படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் அவர் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் தேநீர்க் குவளையைத் தூக்கி வழிவிட்டார்கள்.

"இன்னொரு தரம் ஊதுங்க சார். உச்சத்துல."

"காது போயிரும்யா ஒனக்கு."

"ஏற்கெனவே போயிருச்சு. ஊதுங்க."

ஐந்தாம் நாள் காலை ஒரு சுரம் வந்தது. புஸ் இல்லை, பிசிறு இல்லை. சுத்தமாக, நீளமாக, சன்னல் கண்ணாடி கிர்ரென்று அதிரும்படி வந்தது. எக்காளம் டிரம்பெட்டை இறக்கிவிட்டு நாக்கால் முன்பல்லைத் தடவினார். நடுப்பல் மேல் நாக்கு ஏறி இறங்கியது. "வந்துருச்சுய்யா, படிக்கட்டு," என்றார். பல்செட்காரர் ஓரடி தள்ளி நின்று, ஒருமுறை மேலே, ஒருமுறை பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஒரு நூல் அரைக்கணும்," என்றார்.

கச்சேரி நாளில் பல்செட்காரரும் மனைவியும் பூங்காவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். குழுத்தலைவர் தாளத்தட்டை ஒரு காலி நாற்காலியில் தயாராக வைத்திருந்தது இவருக்குத் தெரிந்தது. எக்காளம் எழுந்தார். மூச்சிழுத்தார். பல்செட்காரர் தன் பல்லைத் தானே இறுக்கிக் கடித்துக்கொண்டார், அங்கே பிடிப்பு விட்டால் இங்கே தாங்கிக்கொள்ளலாம் என்பதைப் போல. முதல் சுரம் பூங்காவின் மறுகோடிவரை போனது. மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. அந்தச் சுரத்தில் எந்தப் பல் எங்கே நிற்கிறது என்று மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

"கடைசி எக்காளம் இப்படி இருந்தா எந்திரிச்சுருவேன்," என்றார் மனைவியின் காதில்.

"சத்தமா சொல்லாதீங்க," என்றார் மனைவி.

மாலையில் கதவு தட்டப்பட்டது. எக்காளம், சீருடையோடு. உள்ளே வந்து நீதிபதி முதலான தாடைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மேல ரெண்டாவது பல்லு கொஞ்சம் உறுத்துது," என்றார் எக்காளம். "வேலைய ஒழுங்கா முடிக்கத் தெரியாதாய்யா ஒனக்கு?"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். இப்போது ஒரு 'மன்னிச்சுட்டேன்' வரும், கூரை அதிர வரும் என்று காத்திருந்தார். பல்செட்காரர் கையை நீட்டினார். "குடுங்க சார், பாக்கலாம்." செட்டை வாங்கி, விளக்கடியில் திருப்பி, விரலால் தடவி உறுத்தலைக் கண்டுபிடித்து, அரைத்துக் கொடுத்தார். எக்காளம் மாட்டிக்கொண்டு, இரண்டு தரம் கடித்துப் பார்த்து, வந்தபடியே போனார். வாசலில் மட்டும் ஒரு நொடி நின்றார்.

"ஒன்பது பல்லா அன்னிக்கு சிதறுச்சு?"

"ஒன்பது."

"ம்," என்றார் எக்காளம். படியேறிப் போய்விட்டார்.

"இன்னிக்கு ஒண்ணுகூட இல்லையே?" என்றார் மனைவி.

"எது?"

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி வேணுமா?"

பல்செட்காரர் இப்போதும் அதே கீழ்வீட்டில்தான் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு முழங்காலிடுகிறார். என்ன ஜெபிக்கிறார் என்று மேலே யாருக்கும் கேட்பதில்லை. எக்காளம் முன்வரிசையில் முதல் டிரம்பெட்டாகவே இருக்கிறார், பயிற்சி இப்போது ஆறரைக்கு ஆரம்பிக்கிறது, எச்சிலைப் பால்கனியின் மறுபக்கம் வடிக்கிறார், பெரும்பாலான நாட்களில். படிக்கட்டில் இன்னமும் "யோவ் பல்லு" என்றுதான் கூப்பிடுகிறார். கடைசி டிராயரில் பஞ்சில் சுற்றி ஒன்று இருக்கிறது. அது எக்காளத்துக்கென்று செய்து வைத்த உபரி செட், எந்த முரசுக்காரர் எப்போது நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? இயந்திரம் காலை எட்டுக்கே ஓடுகிறது. 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்ற அந்தத் தாள் குடியிருப்பு அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அந்த வாரம் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. முடிந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை, குமாஸ்தாவும் கேட்கப் போகவில்லை.